காக்கி எந்த ஊர் மண்?

மும்பையில் ஆட்டோ ஓட்டுபவர்களின் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? பர்மிட் தன் பெயரில் இருந்தால் வெள்ளை, அடுத்தவர் வண்டியை ஓட்டினால் காக்கி. அந்தக் காக்கியிலேயே எத்தனை ரகம் என்று பார்க்க செம்பூர் ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், ஒன்று பச்சை பக்கம், பல தடவை அடித்துத் துவைத்தது பர்மிட் வைத்திருப்பவர் சட்டையோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு வெளுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி, மண். காக்கி என்றால் மண் நிறம், அவ்வளவுதான். (நம்ம காக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இருந்திருந்தால் போலீஸ்காரர் கறுப்பு அல்லவா போட்டிருப்பார்.) அந்த 'காக்' உருது வழியாக இந்திக்கு வந்து, இங்கே திட்டுவதற்கும் நன்றாகவே பயன்படுகிறது. "தும்ஹே க்யா காக் மாலூம்" என்று யாராவது கத்தினால் இந்தி தெரியாத தாராவித் தாத்தாவுக்குக்கூட விளக்கம் வேண்டியதில்லை, "உனக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்" என்று அவர் வீட்டிலேயே தினமும் கேட்பதுதான்.

சரி, மண் நிறம் என்றால் எந்த ஊர் மண்? தேரிக்காட்டுச் செம்மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் காக்கியும் காவியும் ஒன்றாகியிருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது பெஷாவர் பக்கத்துப் புழுதியில். 1846-இல் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே கைட்ஸ் என்ற படையைத் திரட்டினார். மற்ற கம்பெனிப் படைகள் சிவப்புக் கோட்டில் திரிந்த காலம் அது, அந்த வறண்ட மலையில் சிவப்பு எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். இவருடைய ஆட்கள் மட்டும் புழுதி நிறத்துக்கு மாறினார்கள். எதில் சாயம் தோய்த்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை, ஒருவர் மல்பெரிச் சாறு என்பார், இன்னொருவர் குட்டைப் பனை என்பார்.

எனக்குப் பிடித்த கட்டம் 1857. கலகம் வெடித்ததும், வெயிலுக்காக வெள்ளை உடுப்பில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவசர அவசரமாகத் துணிக்கு நிறமேற்ற வேண்டியதாயிற்று, டீ, காபி, சேறு, மை என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் முக்கினார்கள். ஒரே படையில் ஒருவன் டிகாக்ஷன் நிறம், பக்கத்தில் நிற்பவன் சேற்று நிறம். இரண்டும் காக்கிதான், யாரும் தப்பு சொல்ல முடியாது.

துவைத்தாலும் போகாத சாயத்துக்கு 1884-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அப்புறம்தான் காக்கி பிரிட்டிஷ் ராணுவம் முழுக்கப் பரவியது. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900-இல் பிரிட்டனில் நடந்த தேர்தலுக்கே காக்கித் தேர்தல் என்று பெயர் வந்துவிட்டது.

மங்களூர்க்காரர்களிடம் பேசினால் வேறு கதை. அங்கே பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் நெசவுசாலையில் 1850-களில் வேலை பார்த்த ஹாலர் என்ற ஜெர்மானியர்தான் காக்கியைக் கண்டுபிடித்தார் என்று அடித்துச் சொல்வார்கள். அந்த நெசவுசாலையில் நல்ல காக்கிச் சாயம் தயாரானது என்றால் சரி, ஆனால் நிறத்தைக் கண்டுபிடித்ததே அங்கேதான் என்பதை நான் ஏற்க மாட்டேன், லம்ஸ்டன் ஆட்கள் அதற்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டார்கள்.

இப்போதும் அமெரிக்காக்காரன் காக்கி என்றால் வெளிர் மணல் நிறப் பேண்ட்டை நினைப்பான், பிரெஞ்சுக்காரன் அதே சொல்லுக்கு ஆலிவ் பச்சையைக் காட்டுவான். ஆன்லைனில் காக்கிச் சட்டை ஆர்டர் போடுகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.