கேஷ் கவுண்ட்டரில் பன்னிரண்டு வருஷம்

நோட்டை எண்ணும்போது வாசம் பிடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பழக்கம் என்பதைவிட தொழில் ஒட்டிவிட்ட வியாதி என்று சொல்லலாம். 2009-இல் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கேஷியராக உட்கார்ந்தவன், பன்னிரண்டு வருஷம் கழித்து ஆபீசராகித்தான் அந்தக் கூண்டிலிருந்து எழுந்தேன். காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர் அது. கேரளாவுக்குப் போகும் லோடு ஏறி முடிந்ததும் காலையில் கமிஷன் மண்டிகளிலிருந்து பணம் வரும், சில கட்டுகளில் தக்காளிச் சாறு காய்ந்து நோட்டோடு நோட்டாக ஒட்டியிருக்கும். மீன் கடைக்காரர் கொண்டுவரும் நூறு ரூபாய்க் கட்டை மெஷினில் போடவே முடியாது, ஈரம், கையால்தான் பிரிக்கணும், அப்புறம் அதே கையால் எப்படி டிபன் பாக்ஸைத் திறப்பது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

வங்கியில் வேலை என்பதால் சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ரொக்கமே இல்லாமப் பண்ணப்போறாங்களாமே, நல்லதா கெட்டதா?" என்று கேட்பார்கள். மொய் எழுதுகிற மேஜையிலேயே க்யூஆர் அட்டை நிற்கும் காலத்தில் இந்தக் கேள்வி. நான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, அன்றைக்குக் கவுண்ட்டரில் என்ன நடந்ததோ அதைப் பொறுத்துத்தான் என் பதில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது என் பாக்கெட் சம்பந்தப்பட்டது. சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால், குறைகிற பணத்தைக் கேஷியர்தான் போடணும். இது வெளியில் பல பேருக்குத் தெரியாது. 2016 நவம்பரில், பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த இரண்டாவது வாரம், புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு, கத்தி மாதிரி மொடமொடப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெளியே தெரு முனை வரை வரிசை, உள்ளே நான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்த்தால் சரியாகப் பத்தாயிரம் குறைகிறது. ஐந்து நோட்டு. யாருக்கோ ஐந்து நோட்டு கூடப் போயிருக்கிறது. குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பார்த்தோம், மேஜை டிராயரைக் கழற்றிப் பார்த்தோம். மறுநாள் என் கணக்கிலிருந்து கட்டினேன். வாங்கிப் போனவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, தெரிந்தும் வந்து கொடுக்க மறுபடி அந்த வரிசையில் நிற்கணுமே என்று விட்டுவிட்டாரோ, அந்தக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது.

ஆக, யூபிஐ வந்து கவுண்ட்டரில் கூட்டம் குறைய ஆரம்பித்தபோது உண்மையில் சந்தோஷப்பட்டவர்களில் நான் முதல் ஆள். போனில் அனுப்பும் பணத்தில் கள்ளநோட்டு வராது. கள்ளநோட்டு என்றால் இன்னொரு கதை. ஒரே ஆள் கொண்டுவந்த பணத்தில் நாலு வரைக்கும் வந்தால் ரசீது கொடுத்து மாதக் கடைசியில் போலீசுக்குக் கணக்கு அனுப்பினால் போதும், ஐந்தானால் வழக்குதான். முத்திரை குத்தி அந்த நோட்டைப் பிடித்து வைத்துக்கொள்வோம், திருப்பித் தரமாட்டோம். நாள் பூராவும் பருத்தி எடுத்து வாங்கிய கூலியில் வந்த ஐந்நூறு ரூபாய் என்று ஒரு அம்மா அழுதால் நாங்கள் என்ன செய்ய? கையைப் பிசைந்துகொண்டு குத்துவோம்.

வேடசந்தூர்ப் பக்கத்து மில்களில் வேலை பார்த்த பீகார், ஒடிசாப் பையன்களைச் சொல்லணும். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். ஊருக்குப் பணம் போட. சலான் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும், அவர்களுக்கு இரண்டும் தெரியாது, கணக்கு நம்பரைக் கசங்கின பீடி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். நான் எழுதிக் கொடுப்பேன். இப்போது அவர்கள் யாரும் வருவதே இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடி அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, "ஆயா?", வந்துச்சா என்று இந்தியில் போனில் கேட்டுக்கொள்கிறார்கள். இது ஒன்றுக்காகவே யூபிஐ கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம் என்று சில நாள் தோன்றும்.

சரி, இனி சிறுவாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பெண்கள் வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்து, ஆட்டுக்குட்டி விற்றதில் கொஞ்சம், பால் பணத்தில் கொஞ்சம் என்று புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கிற பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். எல்லா வீட்டிலும் உண்டு, எந்த வீட்டிலும் இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசி முடித்ததும் நாட்டில் கறுப்புப் பணம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் தூக்கம் இழந்தார்களோ, ஒட்டன்சத்திரத்தில் சிறுவாடு வைத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் இழந்தார்கள். இது எனக்கு நேராகத் தெரியும்.

ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் கைக்குட்டை. இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒவ்வொன்றும் எட்டாக மடித்தது. பிரிக்கப் பிரிக்க மிளகு வாசம், கூடவே கொஞ்சம் வெந்தயம். மெஷினில் போனால் சிக்கிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாக நீவி எடுத்தேன். மாற்றித் தருகிற அளவு முதலில் 4,000, அப்புறம் 4,500, அப்புறம் 2,000 என்று மாறிக்கொண்டே இருந்த நாட்கள் அவை, விரலில் மை வேறு வைக்கச் சொன்னார்கள். மாற்றியது போக மீதியைக் கணக்கில்தான் போடணும் என்றேன். அவருக்கு இருந்ததோ புருஷனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு.

"புக்குல ஏறுமா தம்பி?"

"ஏறும்மா."

"அவரு மாசாமாசம் என்ட்ரி போட்டுப் பாப்பாரே."

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் பேருக்குத் தனியாக ஒரு கணக்கு திறக்க விண்ணப்பத்தைக் கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னேன். போன் நம்பர் கேட்கிற இடத்தில் மகன் நம்பரைக் கொடுத்தார், அவருக்கு ஏது போன். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

செல்லாது என்று அறிவித்த நோட்டில் 99.3 சதவீதம் வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி பிற்பாடு கணக்குச் சொன்னது. யாரைப் பிடிக்க வலை விரித்தார்களோ அவர்களை நான் வரிசையில் பார்க்கவே இல்லை, அவர்கள் நோட்டு மட்டும் எப்படியோ நடந்து வந்து சேர்ந்துவிட்டது. வலையில் சிக்கியது மிளகு டப்பாதான்.

மூன்று நாலு வருஷம் கழித்து அதே அம்மா வந்தார். இப்போது ஐந்நூறு எடுத்தாலும் மகன் போனுக்கு மெசேஜ் போகிறது, திருப்பூரிலிருந்து உடனே கூப்பிட்டு "எதுக்கும்மா எடுத்தே" என்கிறான். கோபமாகக்கூட இல்லை, அக்கறையாகத்தான் கேட்கிறான். ஆனால் பதில் சொல்லணும் இல்லையா. கணக்கை முடிக்கவில்லை அவர். இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, பேருக்குக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனார். மறுபடி மிளகு டப்பாவுக்குத்தான் போயிருக்கும். நாட்டில் 2016 நவம்பர் தொடக்கத்தில் மக்கள் கையில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் ரொக்கம் இருந்தது, 2022 அக்டோபரில் அது 30 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் யூபிஐ மாதத்துக்கு 1,000 கோடிப் பரிவர்த்தனை, 2,000 கோடி என்று ஏறிக்கொண்டே போகிறது, இன்னொரு பக்கம் ரொக்கமும் குறையவில்லையே என்று பொருளாதாரம் படித்தவர்கள் ஏதேதோ விளக்கம் சொல்வார்கள். கேஷியருக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வரும்.

ரொக்கத்துக்கு நினைவு கிடையாது. யார் கையிலிருந்து வந்தது, எதற்குப் போகிறது என்று அது யாரிடமும் சொல்லாது. லஞ்சம் வாங்குகிறவனுக்கும் அதுதான் வசதி, சிறுவாட்டுக்காரிக்கும் அதுதான் வசதி. போன் பணம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். இது நல்லதுதான் பல இடத்தில். எங்கள் கிளை வாசலில் பூ விற்ற ஒரு அக்கா காலையில் 900 வாங்கி சாயங்காலம் 1,000 கொடுக்கிற தண்டலில் வருஷக்கணக்காக மாட்டியிருந்தவர். 2020-இல் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது, அதில் வாங்கினார். அடமானமே கேட்காத கடன். அடுத்தடுத்த கடனுக்குப் போகும்போது, தினமும் க்யூஆரில் விழுந்த பத்தும் இருபதும்தான் அவருக்குச் சாட்சி சொன்னது.

அதே ஞாபக சக்தி ஒரு டீக்கடைக்காரரைப் படுத்திய பாட்டையும் சொல்லணும். கடைக்கு க்யூஆர் ஒட்டச் சொல்லி எங்களுக்கு டார்கெட் வைத்திருந்த காலத்தில் நானே போய் ஒட்டிய கடை அது. பாய்லருக்குப் பக்கத்தில் அந்தப் பேசும் பெட்டி, "ரூபாய் பதினைந்து பெறப்பட்டது" என்று பெண் குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும், அவர் கையை நிறுத்தாமல் ஆற்றிக்கொண்டே இருப்பார். ஈரக் கையில் சில்லறை பொறுக்க வேண்டாம் என்று அத்தனை சந்தோஷம் அவருக்கு. திடீரென்று ஒரு நாள் பால்காரருக்குப் பணம் போகவில்லை. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவர் ஆன்லைனில் ஏமாந்து, அந்தப் பணம் ஏழெட்டுக் கணக்கு மாறி, அதில் ஒரு கணக்குக்காரன் இங்கே வந்து டீயும் வடையும் சாப்பிட்டிருக்கிறான். நாற்பது ரூபாய். சைபர் கிரைம் போலீஸ் சொன்னால் வங்கி நிறுத்தித்தான் ஆகணும், மேலிடத்தில் கேட்டால் அந்த ஊர் போலீசுக்கு மெயில் போடச் சொல்கிறார்கள். நாங்கள்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தோம், பதிலே இல்லை, மறுபடி எழுதினோம். "குடிக்க வந்தவன் மூஞ்சியிலயா சார் எழுதியிருக்கு, திருட்டுப் பணம்னு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கள்ளநோட்டு என்றால் அந்த ஒரு நோட்டைத்தான் பிடித்து வைப்போம், இங்கே டிராயரையே பூட்டிவிட்டோம். கணக்கு திறக்க மூன்று வாரம் ஆனது. நடுவில் "போன் பே, ஜி பே இல்லை" என்று அட்டையில் எழுதி மாட்டினார், பத்து நாளில் எடுத்துவிட்டார், ஆபீஸ் போகிற பையன்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்களாம்.

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் ஊரெல்லாம் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்களே, வரியே இல்லாத காய்கறி, பால் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. அதைப் படித்தபோது இந்த டீக்கடை அட்டைதான் கண் முன்னால் வந்தது. வரி கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் விழுவதெல்லாம் லாபம் இல்லை என்பது எந்தப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ரேகை. கிராமத்துக்கே முகவர் வந்து கருவியில் விரல் வைத்தால் பணம் என்றார்கள். களை வெட்டி வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? எண்ணெய் தடவி, துடைத்து, சேலையில் தேய்த்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் கிளைக்கே பஸ் ஏறி வருவார்கள் வயதானவர்கள். கிளையிலோ கவுண்ட்டர் இரண்டாக இருந்தது ஒன்றாகிவிட்டது. இதுதான் எனக்கு உண்மையான பயம். ரொக்கத்தை யாரும் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டாம், வாங்குகிற, கொடுக்கிற இடங்களைக் குறைத்துக்கொண்டே வந்தால் அதுவே போய்விடும்.

ரொக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தை எங்கள் மாவட்டத்தில் வருஷக்கணக்காக யாரும் வாங்கவில்லை. பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது, நாங்களும் நோட்டீஸ் அச்சடித்து ஒட்டினோம், ஒட்டிய பசை காய்வதற்குள் வாசல் பூக்கார அக்காவே என்னிடம் "அது வேண்டாம் சார்" என்றார்.

கடைசியாக, 2025 ஏப்ரல் 12. இரண்டாவது சனிக்கிழமை, எங்களுக்கு லீவு. திண்டுக்கல்லில் ஒரு ஓட்டலில் நானும் மனைவியும் சாப்பிட்டு முடித்துவிட்டு ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாடு முழுக்க யூபிஐ படுத்துவிட்டது. பணம் போய்ச் சேர்ந்ததா, போய்ச் சேர்ந்ததா என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் நெரிசல் ஆனது என்று பிற்பாடு சொன்னார்கள். எங்கள் கவுண்ட்டரில் டோக்கனை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது போல. நான் சட்டைப் பையைத் தடவினேன். கோடிக்கணக்கில் எண்ணிய கை, பையில் ஒரு இருபது ரூபாய் நோட்டு, அதுவும் ஓரம் கிழிந்தது. கல்லாவில் இருந்தவர் என்னையும் என் மாதிரியே போனை நீட்டிக்கொண்டு நின்ற ஆறேழு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

மனைவி "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். கைப்பைக்குள் ஜிப், ஜிப்புக்குள் ஒரு சின்ன பர்ஸ். எட்டாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று வெளியே வந்தது. பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். பெருங்காயம்.

"இது எப்ப இருந்து?" என்றேன்.

"முதல்ல பில்லைக் கட்டுங்க."

பில் 310 ரூபாய். கல்லாக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அப்புறம் டிராயரை இழுத்து எனக்கே காட்டினார். "காலையிலிருந்து எல்லாம் போன்லதான் சார் வந்துச்சு. சில்லறை இல்லையே."