பயந்த கையும் இளங்குதிரையும்

பயப்படுகிறவர்களுக்குக் குதிரை வேலை சரிப்படாது என்று எங்கள் தொழிலில் பலர் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. குடியாத்தம் பக்கத்தில் ஒரு பண்ணையில் இளங்குதிரைகளைப் பழக்குவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஒருமுறை கீழே விழுந்து காறை எலும்பு முறிந்து சேர்ந்தது. அதிலிருந்து புதுக் குதிரையின் மேல் ஏறும்போதெல்லாம் வயிறு இறுகும், தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிக்கொள்ளும். வருடங்கள் போயும் அது முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இளங்குதிரைக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுக்க, பயம் தெரிந்த ஆள் நல்லது என்று இன்றைக்கு எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. முத்து என்ற இளங்குதிரையை ஜம்பிங், அதாவது தடை தாண்டும் பயிற்சிக்கு முதன்முதலாகக் கூட்டிப்போன நாளில்தான் அது பிடிபட்டது.

முத்துவுக்கு ஐந்து வயது. தாய் மார்வாரிக் குதிரை, தகப்பன் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம். தாயிடமிருந்து அந்த உள்பக்கம் வளைந்த காது நுனிகள் வந்திருக்கின்றன. எதைக் கேட்டாலும் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி முன்னால் திரும்பும். அவன் மனதைப் படிக்க எனக்கு அந்தக் காதுகள் போதும். முதலாளி ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர். குதிரை மேல் நிஜமாகவே பாசம் உள்ளவர், ஆனால் பொறுமை கொஞ்சம் குறைவு. முத்துவுக்கு மூன்று வயது நடக்கும்போதே, "எப்பம்மா தாண்டும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஏன் காத்திருக்கச் சொன்னேன் என்பதற்குக் காரணம் எலும்பில் இருக்கிறது. குதிரையின் எலும்பு முனைகளில், எலும்பு வளர்கிற இளசான பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் கீழிருந்து மேலாகத்தான் மூடிக்கொண்டு வரும். குளம்புக்கு மேலே இருப்பவை முதல் ஒரு வருடத்தை ஒட்டி மூடிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ளது மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பில் உள்ளவைக்கு ஐந்து வயதும் போதாமல் போகலாம். வெளியே பார்த்தால் மூன்று வயதிலேயே முழுக் குதிரை மாதிரி நிற்கும். உள்ளே இன்னும் கட்டி முடிக்காத வீடு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் இளங்குதிரை ஜம்பிங் சாம்பியன்ஷிப்பில்கூடத் தொடக்கப் பிரிவு ஐந்து வயதுதான். இதைச் சொன்னதும் முதலாளி அடங்கினார். அப்புறம் முத்துவுக்கு ஐந்து முடிந்ததும், வாலாஜாவுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மைதானத்தில் பயிற்சிக்கு நாள் குறித்துவிட்டார்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு மணிக்குள் வேலையை ஆரம்பித்தால்தான் குதிரைக்கு நல்லது. அதனால் இருட்டோடு லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பாய் வாணியம்பாடிக்காரர், தலைமுறையாக ஜட்கா ஓட்டிய குடும்பம். சரிவுப் பலகையின் முன்னால் முத்து நின்றுவிட்டான். நான் திரும்பித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா, அதையே பாத்துக்கினு நின்னா அது எப்படி வரும்? உன் மூஞ்சில இன்னா கீதோ அத்தத்தான் அது பாக்குது. முன்னாடி பாத்துக்கினு நட" என்றார் பாய்.

கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, லாரிக்குள் விரித்திருந்த வைக்கோலைப் பார்த்து நடந்தேன். பின்னால் பலகையில் குளம்பு தட்டும் சத்தம் கேட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. பொய்கை மாட்டுச்சந்தை நாள். பள்ளிகொண்டா தாண்டியதும் மாடு ஏற்றிய வண்டிகள் நெடுஞ்சாலையில் எங்களோடு சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு ஹாரனுக்கும் முத்து காதைத் திருப்பினான். வேலூரைக் கடந்து ஆற்காட்டுப் பக்கம் போகும்போது எனக்கு எப்போதும் 1806 ஜூலை 10 நினைவுக்கு வரும். வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களை அடக்க, பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தது ஆற்காட்டிலிருந்துதான். அந்தக் காலையில் செத்துப்போன சிப்பாய்களை நினைத்தால் மனம் கனக்கும். அதோடு தொழில் புத்தியில் இன்னொன்றும் தோன்றும். பீரங்கிச் சத்தத்துக்குள் ஓடின அந்தக் குதிரைகளை யாரோ ஒருவர் இளசிலிருந்து பழக்கியிருப்பார். இந்த மண்ணில் குதிரை என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்களிடம் ராணிப்பேட்டையின் பழைய கன்டோன்மென்ட்டையும் பாயின் ஜட்காவையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

மைதானத்தில் பயிற்சி தருபவர் ராணுவத்தில் குதிரைகளை வளர்த்துப் பராமரிக்கும் ரிமவுண்ட் வெட்டரினரி கோர் என்ற பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீரட்டில் பல வருடம் இருந்தாலும் பேச்சில் வேலூர் மாறவில்லை. சவுக்குக் கட்டைகளைச் சீவி, வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்தரையில் சிவப்புக் கட்டையைப் போட்டால் நமக்குப் பளிச்சென்று இருக்கும், அதற்குத் தரையோடு தரையாகத் தெரியும். கட்டைகளின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நான் ஏறியதும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"எங்க இருக்கு?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பயத்தை விடு, தைரியமாயிரு என்பார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்து, "வயித்துல. தோள்ல. கையில கூட" என்றேன்.

"வயித்துல இருக்கறது இருக்கட்டும். தோள்லயும் கையிலயும் இருக்கறத மட்டும் எறக்கிடலாம். ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா? சத்தமா சொல்லிக்கினே ஓட்டு."

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று சொல்லிக்கொண்டே முத்துவை நடக்க விட்டேன். வாய் பேசும்போது மூச்சை அடக்கி வைக்க முடியாது. மூச்சு வெளியே போனால் தோள் தானாக இறங்குகிறது, முழங்கை தளர்கிறது, லகானின் மறுமுனையில் உள்ள குதிரையின் வாய்க்கு அந்தத் தளர்ச்சி உடனே போய்ச் சேர்கிறது. முதல் சுற்று முடிவதற்குள்ளாகவே முத்து கழுத்தை நீட்டி, மூக்கால் நீளமாகக் காற்றை விட்டான்.

2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குதிரையை நடத்திக்கொண்டோ அதன் மேல் ஏறியோ ஒரே பாதையில் சில தடவை போய்வர வேண்டும். கடைசித் தடவைக்கு முன்னால் மட்டும், "இந்த முறை குதிரை பக்கத்தில் வரும்போது குடையை விரிப்போம்" என்று அந்த ஆளிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. பாய் இந்த ஆய்வைப் படித்தவரில்லை. லாரிப் பலகையின் முன்னால் அவர் சொன்னதும் இதைத்தான்.

வாய்ப்பாட்டால் என் பயம் போய்விடவில்லை. குதிரைக்குப் போய்ச் சேரும் வழிகளில் சிலது அடைபட்டது, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய நிம்மதி. மனதை மாற்று என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. முழங்கையைத் தளர்த்து என்றால் உடனே செய்யலாம்.

முதலில் தரையில் ஒரே ஒரு கட்டை. அதன் மேல் நடந்து போனோம், எதிர்ப்பக்கமிருந்தும் வந்தோம். அப்புறம் கட்டைகளை நாலரை அடி இடைவெளியில் வரிசையாகப் போட்டார். குதிரை ட்ராட்டில், அதாவது துள்ளுநடையில் வரும்போது ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு காலடி சரியாக விழ வேண்டும். இடைவெளி குறைந்தால் கால் தட்டும், கூடினால் எட்டி வைக்கப் பார்க்கும். முத்து முதலில் ஒரு கட்டையைத் தட்டினான். மறுமுறை காலை உயர்த்தி, முதுகை மேலே கொண்டுவந்து, தாளம் தவறாமல் போனான். அவன் முதுகு எனக்குக் கீழே அப்படி எழும்பியதை அதற்கு முன் உணர்ந்ததில்லை.

கால் வைக்கும் அங்கவடியைத் தொங்கவிடும் பழைய வார் ஒன்றை முத்துவின் கழுத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னார் சுபேதார். தாண்டும்போது லகானைப் பிடித்துத் தொங்காமல் அந்த வாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இளங்குதிரை முதல் தடையைத் தாண்டும் கணத்தில் வாயில் கடிவாளம் இழுபட்டால், தாண்டினால் வலிக்கும் என்றுதான் கற்றுக்கொள்ளும். ஒருமுறை கற்றதை மறக்க வைக்க மாதக்கணக்கில் ஆகும். பயம் வந்தால் உடம்பு பின்னால் சாய்ந்து லகானைத்தான் இழுக்கும். போன நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பியக் குதிரைப்படை வீரர்களே பின்னால் சாய்ந்துதான் தாண்டினார்கள், அதைத்தான் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தாலியைச் சேர்ந்த ஃபெதெரிகோ காப்ரில்லி என்ற அதிகாரிதான், குதிரையின் போக்கோடு முன்னால் போ, அதன் கழுத்துக்கும் வாய்க்கும் சுதந்திரம் கொடு என்று மாற்றிக் காட்டினார். அவர் 1907-ல் இறந்துபோனார். இன்று உலகம் முழுக்க அவர் வழியில்தான் தாண்டுகிறார்கள். பின்னால் சாயத் துடிக்கும் என் முதுகைப் பற்றி எனக்கு இருந்த வெட்கம் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் போனது. பெரிய பெரிய படைகளே அப்படித்தான் சாய்ந்திருந்தன.

அடுத்தது குறுக்குக் கட்டை. இரண்டு கட்டைகளை எக்ஸ் மாதிரி வைத்து, நடுவில் ஒரு அடி உயரம். அதற்கு ஒன்பது அடி முன்னால் தரையில் இன்னொரு கட்டை, எங்கே கால் எடுக்க வேண்டும் என்று குதிரைக்குக் காட்ட. ட்ராட்டில் போனோம். அந்த முன்கட்டை வரை வந்து முத்து நின்றுவிட்டான்.

வயிறு இறுகியது. இந்த இடத்தில் பழக்கமாக நடப்பது எனக்குத் தெரியும். குதிகாலால் உதைப்பார்கள், சாட்டையை எடுப்பார்கள். எங்கள் பண்ணைக்கு வரும் ஒரு தம்பி நிஜமாகவே பயமறியாதவன், கைதேர்ந்தவனும்கூட. அவனிடம் பழகிய குதிரைகள் தடையைக் கண்டால் பாய்ந்து ஓடும். பார்ப்பவர்கள் என்ன ஆர்வம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இளங்குதிரை தடையை நோக்கி அவசரப்படுவது பெரும்பாலும் அதைச் சீக்கிரம் கடந்து தப்பிக்கத்தான். தானே பயப்படாத ஆளுக்கு அந்த ஓட்டத்துக்குள் இருக்கும் பயம் கண்ணில் படுவதில்லை. எனக்கு அது முதலிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் நானும் அப்படித்தான் எதையும் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பேன்.

"பாக்கட்டும். லகானை விடு" என்றார் சுபேதார்.

விட்டேன். முத்து தலையைக் குனிந்து கட்டையை முகர்ந்தான். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலும் வாலுக்குப் பின்னாலும்தான் தெரியாது. தாண்டக் கால் எடுக்கும் நேரத்தில் தடை அதன் பார்வையை விட்டு மறைந்துபோயிருக்கும். சற்று முன்னால் பார்த்ததை வைத்துத்தான் தாண்டுகிறது. அப்படியிருக்க, முன்னால் நின்று நன்றாகப் பார்க்க விடாமல் உதைத்து அனுப்புவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

காது நுனிகள் இரண்டும் சேர்ந்தன. மூக்கால் காற்றை விட்டான். திருப்பிக்கொண்டு போய், வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு, கண்ணைத் தடைக்கு அப்பால் இருந்த வேப்பமரத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். அங்கேயே கண் இருந்தால் உடம்பும் நிமிர்ந்தே இருக்கும், கீழே பார்த்தால் பாரம் முன்னால் விழுந்துவிடும். நாலேழு இருபத்தெட்டு சொல்லும்போது முத்து எழும்பினான். ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி தாண்டினான், இளங்குதிரைகள் அளவு தெரியாமல் அப்படித்தான் செய்யும். நான் கழுத்து வாரைப் பிடித்திருந்தேன். லகான் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கியதும் சில எட்டு கேன்டரில், அதாவது மெதுவான பாய்ச்சலில் போய், தானாக ட்ராட்டுக்கு வந்தான். சுபேதாரின் முகத்தில் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

மறுபடி வந்தபோது அளவோடு எழும்பினான். அதற்கு அப்புறமும் அப்படியே. அவ்வளவில் சுபேதார் கட்டைகளை இறக்கிவிட்டார். அவன் இன்னும் கேட்கும் நிலையில் இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. களைத்த கால் கட்டையைத் தட்டும், தட்டினால் வலிக்கும், முதல் நாளின் கடைசி நினைவு அதுவாக இருந்துவிடக் கூடாது.

சேணத்தை இறக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு மறுபடி ஊற்றினோம். தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தேன். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். அந்த அளவை நெருங்கும்வரை வேப்ப நிழலில் நடத்திவிட்டுத்தான் லாரியில் ஏற்றினோம்.

திரும்பும் வழியிலேயே முதலாளி போன் செய்தார்.

"எவ்ளோ ஹைட்டும்மா தாண்டுச்சு?"

"ஒரு அடி சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். நின்றதை, முகர்ந்ததை, லகான் தொங்க இறங்கியதை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தாண்டல், மற்ற நாட்களில் தரைக் கட்டையும் நடையும் போதும், மழைக்காலம் முடியும்வரை இரண்டு அடிக்கு மேல் போக வேண்டாம் என்றேன்.

"நீயே ஓட்டுறியா, இல்ல அந்தத் தம்பிய ஏத்தவா?"

"நானே ஓட்டுறேன் சார்."

"சரி, அப்ப பண்ணைக்கும் சவுக்குக் கட்ட வாங்கிப் போட்டுடறேன். எத்தினி வேணும்னு பாய்கிட்ட சொல்லிடு" என்றார். எட்டுக் கட்டை, பத்தடி நீளம், பெயின்ட் வெள்ளையும் நீலமும் என்று பாயிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.