நவம்பரில் நிறுத்தி ஏப்ரலில் எடுப்பது: டொராண்டோ குளிரில் இன்டர்செப்டர் 650

டொராண்டோவில் பைக் ஓட்டக் கிடைப்பது ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முடிய. மீதி மாதங்கள் வண்டி கராஜில்தான். சென்னைப் பக்கத்தில் தயாராகி, உறைபனியையே பார்க்காமல் கப்பல் ஏறிய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ இங்கே ஒவ்வொரு வருடமும் எப்படி நிறுத்துகிறோம், எந்த வேலையை விட்டால் எது கெடுகிறது என்பதை வரிசைப்படி எழுதுகிறோம். மற்ற வண்டிகளுக்கும் முக்கால்வாசி இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

நிறுத்தி வைத்த வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். பெட்ரோலில் சேரும் ஈரம், ஆயிலில் கலக்கும் ஈரம், பிரேக் ஆயில் இழுத்துக்கொள்ளும் ஈரம், உப்போடு சேர்ந்து இரும்பைத் தின்னும் ஈரம். குளிர் நேரடியாகக் கெடுப்பது சார்ஜ் இறங்கிய பேட்டரியையும், வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரையும்தான். இன்டர்செப்டரில் ரேடியேட்டர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் இன்ஜினைக் குளிர்விக்கின்றன. கூலன்ட் உள்ள வண்டி என்றால், அது எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலவையாக இருக்கிறதா என்று கூலன்ட் சோதனைக் கருவியால் பார்த்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் பாதி இருந்தால் சுமார் −37 டிகிரி வரை உறையாது. கோடையில் யாராவது தண்ணீர் மட்டும் ஊற்றி நிரப்பியிருந்தால் இன்ஜின் பிளாக்கே வெடிக்கலாம்.

எப்போது நிறுத்துவது? பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். பனிக்கு முன்பே, சாலை உறையாதிருக்க நகராட்சி வண்டிகள் உப்புக் கரைசலைத் தெளித்துவிட்டுப் போகும். சாலையில் நீளவாக்கில் இணையான வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அதுதான். அதற்கு முந்தைய வாரமே வேலையை முடிப்பது நல்லது. ஆரக்கால் சக்கரமும், பாலிஷ் போட்ட அலுமினிய மூடிகளும், குரோம் சைலன்சரும் உள்ள இந்த வண்டிக்கு ஒரே ஒரு உப்புச் சவாரி போதும். ஆரக்கால் முனைகளில் வெள்ளைப் பொடியும் துருவும் பிப்ரவரிக்குள் எட்டிப் பார்க்கும்.

வேலைகளின் வரிசை முக்கியம். கழுவுதல், காயும்வரை ஓட்டுதல், பெட்ரோல் நிரப்புதல், வீட்டுக்கு வந்த சூட்டோடு ஆயில் மாற்றுதல். இந்த வரிசையில் செய்தால் ஒரு வேலை அடுத்ததற்கு உதவும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அப்புறம் கழுவினால், மூலை முடுக்கில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற வழியே இல்லை. கழுவும்போது பிரஷர் வாஷர் வேண்டாம். சக்கர பேரிங் சீல், செயினின் ஓ-ரிங் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். வாளியும் சோப்பும் தோட்டத்து ஹோஸும் போதும்.

பெட்ரோல்தான் அதிகப் பேர் தவறு செய்யும் இடம். 'டேங்கைக் காலி பண்ணி வை' என்ற பழைய அறிவுரை இந்த வண்டிக்கு ஒத்துவராது. டேங்க் இரும்பு, காலியான டேங்கில் காற்று புகுந்து, வெப்பம் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்சுவரில் நீர் வியர்க்கும், துருப்பிடிக்கும். நிரப்பி வைப்பதே சரி. ஆனால் இங்கே சாதாரண பெட்ரோலில் சுமார் பத்து சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் ஒரு தனி அடுக்காகத் தங்கிவிடும். பம்ப் பெட்ரோலை இழுப்பதும் அந்த அடியிலிருந்துதான். வசந்தத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பேட்டரிக்கு அடுத்தபடி இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் வாங்குங்கள். பங்கில் பம்பின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். உயர் ஆக்டேன் என்றாலே எத்தனால் இருக்காது என்று நம்பிவிட வேண்டாம்.

எதை ஊற்றினாலும், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்க்கிறோம். ஸ்டா-பில் பிராண்டின் சிவப்பு வகை என்றால் சுமார் 10 லிட்டருக்கு 30 மில்லி. இன்டர்செப்டர் டேங்க் 13.7 லிட்டர், ஆக 40 மில்லி. மருந்து அளக்கும் மூடியில் அளந்து முதலில் இதை ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் தானாகவே கலந்துவிடும். கழுத்து வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். குளிரில் நிரப்பிய பெட்ரோல் சூடான கராஜில் விரியும். பிறகு குறைந்தது பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி அதில் உள்ளதை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அது காய்ந்து பிசினாகி, பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை அடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிடுங்கள். 'ஏப்ரலில் எப்படியும் மாற்றணும், இப்ப எதுக்கு?' என்று கேட்பார்கள். ஓடிய ஆயிலில் எரிபொருள் எச்சமும் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அது ஆறு மாதம் பேரிங் மேல் உட்கார்ந்திருப்பதை நிறுத்தத்தான் இந்த வேலை. ஆயிலும் ஃபில்டரும் வடிகால் போல்ட்டின் வாஷரும் ஒன்றாக மாற வேண்டும். பழைய வாஷரை மறுபடி போட்டால் மெல்லக் கசியும். ஆயில் 10டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ2 என்ற பைக் ஆயில் தர முத்திரை உள்ளது. கார் ஆயிலில் உராய்வு குறைக்கும் சேர்மானங்கள் இருக்கலாம். இங்கே கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன, வழுக்க ஆரம்பித்துவிடும். புது ஆயில் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, வண்டியை நேராக நிமிர்த்தி அளவு பாருங்கள்.

அதோடு ஏப்ரல் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. உண்மையில் அது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். ஐந்து நிமிடத்தில் இன்ஜினும் சைலன்சரும் முழுச் சூடு அடையாது. அந்த நீர் உள்ளேயே தங்கி, ஆயிலைப் பால் போல வெளுக்க வைக்கும், சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். பேட்டரிக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டில் போன அளவு சார்ஜ் திரும்ப ஏறாது.

பேட்டரிக்கு வோல்ட்மீட்டர் ஒன்று கட்டாயம். முழுச் சார்ஜ் என்றால் ஓய்வில் 12.8 வோல்ட் அல்லது அதற்கு மேல். 12.4-க்குக் கீழே போனால் தட்டுகளில் சல்ஃபேட் படியும், நாள்பட்டால் திரும்பாது. சார்ஜ் நிறைந்த பேட்டரி டொராண்டோ குளிருக்கு உறையவே உறையாது. முழுக்க வடிந்தது சுமார் −8 டிகிரியிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். கராஜில் மின்சாரம் இருந்தால் தானே நின்று தானே தொடங்கும் சிறிய டிரிக்கிள் சார்ஜர், 0.75 அல்லது 1 ஆம்பியர், மாட்டியே வையுங்கள். இல்லாவிட்டால் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து மாதம் ஒரு ராத்திரி சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டதும் தீப்பொறி பறக்கும். லித்தியம் பேட்டரி போட்டிருப்பவர்கள் அதற்கென்றே உள்ள சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவே கூடாது.

செயினை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, காய்ந்தபின் உள்பக்கமாகச் செயின் மசகு அடியுங்கள். கம்பி பிரஷ் ஓ-ரிங்கைக் கிழிக்கும். இரண்டு வருடம் ஆன டாட் 4 பிரேக் ஆயிலையும் இப்போதே மாற்றிவிடலாம். குரோம், அலுமினியம், ஆரக்கால் மேல் ஏ.சி.எஃப்-50-ஐத் துணியால் மெல்லிய படலமாகத் தடவுகிறோம். விமானங்களுக்காக உருவான துருத்தடுப்பு எண்ணெய் இது, பக்கத்து மிசிசாகாவில் தயாராவது. நேராக வண்டி மேல் அடிக்காமல் துணியில் அடியுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் ஏப்ரலில் பிரேக் பிடிக்காது.

டயருக்கு, பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்று அடியுங்கள். ஒவ்வொரு 5.5 டிகிரி இறக்கத்துக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும், 20 டிகிரியில் அடித்தது −15-இல் ஆறு பி.எஸ்.ஐ. இழந்திருக்கும். ஆரக்கால் சக்கரத்தில் டியூப் வேறு, தானாகவும் கசியும். நடு ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றி, முன்சக்கரத்துக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள். வெறும் கான்கிரீட் தரை குளிர்ந்து வியர்க்கும்.

எலி இங்கே உண்மையான எதிரி. ஏர்ஃபில்டர் பெட்டி அதற்கு அளவெடுத்துக் கட்டிய வீடு. வயர் உறை அதற்குப் பல் தீட்டும் இடம். காற்று போகும் வாயையும், ஆறிய சைலன்சர் இரண்டையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி, அதன்மேல் செம்புக் கம்பிவலை சுருட்டி அடையுங்கள். பை மட்டும் என்றால் கடித்துவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சு துருப்பிடித்து குரோமில் கறை விடும். புதினா எண்ணெய் வாசனையை நம்பி இருக்க வேண்டாம். எத்தனை இடத்தில் அடைத்தோம் என்று ஒரு அட்டையில் எழுதிச் சாவியோடு கட்டிவிடுங்கள்.

மூடும் துணி காற்றுப் போகும் வகையாக இருக்கட்டும். தார்ப்பாய் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். வீட்டின் அடித்தளத்தில் நிறுத்துவது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் வாட்டர் ஹீட்டரின் சுடரைத் தொட்டால் வீடே போய்விடும். இன்சூரன்ஸை ரத்து செய்வதற்கு முன் புரோக்கரிடம் பேசுங்கள். தீக்கும் திருட்டுக்கும் காப்பு இல்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள்.

ஏப்ரலில் எடுக்கும்போது முதலில் அந்த அட்டை. அடைப்பு எல்லாம் வெளியே வந்தபின்தான் சாவி. டயர் காற்றை வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். கிளட்ச் தட்டுகள் ஒட்டிப் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சக்கரம் தடையில்லாமல் உருண்டால் விட்டுவிட்டது என்று பொருள். ஒட்டிய நிலையில் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் வண்டி குதித்து முன்னால் பாயும். தெருவுக்கு வரும் முன் வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் நாலைந்து தடவை பிடித்துப் பாருங்கள். முதல் பெருமழைகள் இரண்டு பெய்யும்வரை திருப்பங்களில் குளிர்காலத்தில் சாலையில் தூவிய மணல் கிடக்கும், 7 டிகிரிக்குக் கீழே டயரும் கல் மாதிரி இறுகியிருக்கும். அதுவரை வளைவுகளில் வண்டியைச் சாய்க்காமல் மெதுவாகத் திருப்புங்கள்.