குடத்தில் நிறையும் மூச்சு

நான்கு மாதமாக அதிகாலையில் திபெத்திய யோகம் பழகுகிறேன். 'சா லுங்' என்பார்கள். சா என்றால் நாடி, லுங் என்றால் காற்று. மூச்சை இழுத்து, குடத்தில் நீர் நிறைவதுபோல் தொப்புளுக்குக் கீழே நிறுத்தி, பிடித்தபடியே உடலைச் சுழற்ற வேண்டும். விடும்போது மனத்துக்குள் ஒரு வெட்டவெளி! அதற்காகவே எழுகிறேன்.

2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 39 பேர் கலந்துகொண்டார்கள். ஏழு வாரம் இதைப் பழகியவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. பதற்றத்திலும் சோர்விலும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த நேர்மையான முடிவுதான் எனக்குப் பிடித்தது. என் கவலைகளும் அப்படியேதான் இருக்கின்றன, தூக்கம் மட்டும் திரும்பிவிட்டது.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாகத் தொடங்க வேண்டாம். தயவுசெய்து மருத்துவரிடம் கேளுங்கள்.