பட்டா இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு

விற்பவர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் வீடு பார்க்க வந்தவர்களில் பலர் எழுந்து போய்விடுவார்கள். வங்கிக் கடனை நம்பி வந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வாரிசுக் கணக்கு தீராத சொத்துக்கு வங்கி வக்கீல் சாதகமாகக் கருத்து எழுத மாட்டார். நான் வாங்குவது அந்த மாதிரி வீடுகளைத்தான். மதுரையில் மாசி வீதிகளுக்குப் பக்கத்துச் சந்துகள், சிம்மக்கல், செல்லூர், நரிமேடு என்று பழைய வீடுகளாகப் பார்த்து வாங்கி, ஒழுகுவதை அடைத்து, வயரிங் மாற்றி வாடகைக்கு விடுவேன். சிலவற்றை விற்பதும் உண்டு. என் வீட்டுக்காரரின் ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்த தொழில். இதில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: மற்றவர்கள் மெனக்கெட்டுச் சேர்க்காத கையெழுத்துகளைச் சேர்ப்பதிலிருந்து வருகிறது. அதில் முதலில் போக வேண்டிய இடம், அந்த வீட்டில் பிறந்து கட்டிக்கொடுத்த பெண்ணின் வீடு.

மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பஞ்சமில்லை. அதைப் படித்துவிட்டுக் காரியம் முடிவதற்குள் வாசலில் போய் நிற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். நான் போவதில்லை. என் பெயரைச் சொல்லிக்கொண்டு அப்படிப் போகிற தரகரோடு பேச்சும் வைத்துக்கொள்வதில்லை. துக்க வீட்டில் பேசிய விலையில் நியாயம் இருக்காது. தலைத்திவசமாவது முடியட்டும்.

நான் தேடுவது வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை. வாசலில் வேப்பஞ்சருகு, மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. எதிர்வீட்டில் கேட்டால் "அந்த அய்யா போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு, பிள்ளைக ஆளுக்கொரு பக்கம்" என்பார்கள். தினத்தந்தியிலும் தினமலரிலும் வக்கீல்கள் கொடுக்கும் பொது அறிவிப்புகளையும் விடாமல் படிப்பேன். பத்திர எழுத்தர்கள் சிலர் சொல்லி அனுப்புவார்கள். பாகப்பிரிவினை வழக்கில், வெட்டிப் பங்கு வைக்க முடியாத வீட்டை நீதிமன்றமே ஏலத்துக்கு விடுவதும் உண்டு. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் சண்டை போட்டே ஓய்ந்திருக்கும். அதற்கு முன்னால் போய்ப் பேசுவதையே நான் விரும்புகிறேன்.

சென்னையில் இருக்கும் என் தம்பி எந்த வீட்டைப் பற்றிச் சொன்னாலும் "உயில் இருக்கா, புரபேட் வாங்கியாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பான். புரபேட் என்பது உயில் செல்லும் என்று நீதிமன்றம் கொடுக்கும் சான்று. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இந்துக்களின் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரபேட் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களைச் சுற்றித்தான் நெடுங்காலம் இருந்தது. மதுரைக்காரர் மதுரையில் இருந்துகொண்டு மதுரைச் சொத்துக்கு எழுதிய உயிலுக்கு அது இருந்ததில்லை. அதனால் இங்கே அந்த உயில் நிற்குமா என்று பார்க்கிற வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சி இருந்தால் போதும். பதிவு செய்த உயில்கூட வில்லங்கச் சான்றில் வராது. கிரையம், அடமானம் எல்லாம் ஏறுவது பதிவு அலுவலகத்தின் முதல் புத்தகத்தில். உயில் போவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி அதன் நகலை வாங்கலாம். எந்த வீடாக இருந்தாலும் அந்தத் தேடலைச் செய்யாமல் நான் முன்பணம் கொடுப்பதில்லை. பதிவில்லாத உயில் என்றால் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பேன். நாளைக்கு வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். உயிலில் பெயர் விடுபட்ட பிள்ளையையும் பத்திரத்தில் சம்மதக் கையெழுத்துப் போடவைத்துத்தான் வாங்குவேன்.

உயிலே இல்லாத வீடுகள்தான் அதிகம். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் வாங்கிய வீட்டைச் சொன்னால் விளங்கும். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. முதலில் அவர் போய்விட்டார். அடுத்துக் கடைசி மகன் ஒரு விபத்தில் போனான். அவனுக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் பையனும். அதற்கப்புறம் அம்மா. மிச்சம் இருந்தவர்கள் அந்த வீட்டிலேயே குடியிருந்த மூத்தவர், சிங்கப்பூரில் இரண்டாவது மகன், மேலூரில் கட்டிக்கொடுத்த மகள்.

மூத்தவர் கணக்கு எளிமையாக இருந்தது. "என் கூடப்பொறந்தவளுக்கு எல்லாம் செஞ்சாச்சும்மா. நகை, சீரு, பிள்ளைகளுக்குக் காதுகுத்து மொய் வரைக்கும் செஞ்சிருக்கோம். அதுக்குக் கல்யாணம் 89க்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு, சட்டப்படியும் பங்கு கெடையாது. தம்பிக்கும் எனக்கும் பாதிப் பாதி. செத்தவன் பொண்டாட்டிக்கு ஏதாவது பாத்துக் குடுத்துருவோம்."

இந்த 89 கதையை மதுரைப் பக்கம் எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பெண்ணுக்கும் உரிமை கொடுத்த திருத்தமும், அதில் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களை விட்டதும், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து பற்றியவை. அந்த விலக்கும் 2005 மத்தியத் திருத்தத்தோடு போயிற்று. 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் பெண்ணின் உரிமை பிறப்பாலேயே வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இந்த வீட்டுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்த சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. சீர் செய்தது அண்ணன் தம்பியின் கடமையாக இருக்கலாம். அதைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு தாளை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். அப்பா இறந்த அன்று அம்மாவும் நான்கு பிள்ளைகளுமாக ஐந்து சமபங்கு. கடைசி மகன் இறந்தபோது அவன் ஐந்தில் ஒன்று அவன் மனைவி, பையன், அம்மா மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. மகன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிறகு அம்மா இறந்தபோது அவர் கையில் சேர்ந்திருந்தது, உயிரோடு இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் இறந்த மகனின் பையனுக்கும் போனது. அந்தச் சுற்றில் மருமகளுக்கு வராது. முடிவில் வீட்டைப் பதினைந்து பங்காக வைத்தால் மூத்தவருக்கு 4, சிங்கப்பூர்க்காரருக்கு 4, மேலூர்க்காரிக்கு 4, பையனுக்கு 2, அவன் அம்மாவுக்கு 1. கீழே என் விலையையும் எழுதினேன். மூத்தவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த வெலைய மட்டும் மேலூர்ல சொல்லிராதீங்க" என்றார். "அண்ணே, ஒரே தாளுதான். எல்லாருக்கும் இதே வெலைதான் போகும். இல்லேன்னா எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விலையை ஒருவரிடம் மறைக்கச் சொல்லும் வீட்டை நான் வாங்குவதில்லை. சில நாள் கழித்து அவரே போன் செய்து, "போயிட்டு வாங்க" என்றார்.

மேலூரில் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த சமயம். அந்த அம்மா வயலிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். தாளைக் கொடுத்தேன். படிக்கவில்லை. "அந்த வீட்டுலதான் நான் பெரிய மனுஷியானேன். எங்கம்மா கடைசியா படுத்துக் கெடந்தப்ப மூணு மாசம் நாந்தேன் பாத்தேன். காசு கூடக் கொறைய வந்தாலும் எனக்கு ஒன்னுமில்ல. விக்கப் போறோம்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்ல?" என்றார். இந்தக் கேள்விக்குப் பத்திரத்தில் பதில் கிடையாது. மூத்தவரை மேலூருக்கு வரவைத்தேன். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்ட நேரத்தில் நான் வரப்போரம் நின்றேன். அந்தப் பேச்சு நடக்காமல் வாங்கிய கையெழுத்து எனக்கு வேண்டாம். வழக்கு பயம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அவர் வளர்ந்த வீட்டில் நான் வாடகை வாங்கப்போகிறேன். அவர் மனசறிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும்.

பையன் பங்குதான் அதிக காலம் எடுத்தது. அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். போதாது. மைனரின் அசையாச் சொத்தை விற்கத் தாய் தந்தைக்கே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1956 இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் விற்றால், பையன் பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரையத்தை ரத்து செய்ய வைக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். வக்கீல் செலவு என்னுடையது. விலை பேசும்போதே அதைத் தாளில் எழுதியிருந்தேன். பணத்தைப் பையன் பெயரில் மேஜர் ஆகும் வரை வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

சிங்கப்பூர்க்காரர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அந்தக் காகிதம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்குப் பணம் கொடுக்கும்போது பிடிக்க வேண்டிய வருமான வரி வேறு. இங்கிருப்பவர்களுக்குப் பிடிக்கும் 1 சதவீதத்தோடு விட்டுவிட்டால் பாக்கி வாங்கியவர் மேல் வரும். 2024 அக்டோபர் முதல் இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வீட்டின் மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால் அந்த 1 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, மூத்தவர் பங்கை மட்டும் முதலில் வாங்கிப் போட்டால் மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சிலருக்கு இதுவே தொழில். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பிரிபடாத பங்கை வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாக உள்ளே குடியேறும் உரிமை கிடையாது. பாகம் கேட்டு வழக்குதான் போட முடியும். அப்படிப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி மற்ற பங்காளிகள் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். சட்டம் குடும்பத்தின் பக்கம் நிற்கிறது. நிற்கவும் வேண்டும்.

விலை விஷயம். வாரிசுக் கணக்கு தீர்ந்த வீட்டைவிட இது குறைவாகத்தான் போகும்; அந்த வித்தியாசத்தில்தான் வழக்குச் செலவும், பணம் முடங்கும் காலமும், கிரையத்துக்கு நான் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும், பிறகு என் லாபமும் வர வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது. இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்று ஆசைகாட்டி விலை சொல்லும் தரகரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழை ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனியாகத் தாசில்தாரிடம் வாங்கச் சொல்லுங்கள். இந்த வீட்டுக்கு மூன்று. சொத்து ஒரு பெண் பெயரில் இருந்து, அவருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இல்லையென்றால், பிறந்த வீட்டிலிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்கும், கணவர் வழி அப்படி வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் போகும் என்பதையும் பாருங்கள். கிரையப் பத்திரத்தில் எல்லா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எண்களையும், நீதிமன்ற உத்தரவு எண்ணையும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்த டிடி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெற்கு மாசி வீதி வீட்டில் அப்பாவுக்கு விற்றவரின் பெயரே இருந்தது. பெயர் மாற்றத்துக்கு அந்தப் பழைய மூலப்பத்திரத்தையும் சேர்த்து மனுக் கொடுத்தேன். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு மாறியாயிற்று, பட்டாவும் வந்துவிட்டது. மாடியில் மேலூர் அம்மாவின் மகள் வாடகைக்கு இருக்கிறாள், மருத்துவக் கல்லூரியில் நர்ஸிங் படிக்கிறாள்.