ஒத்தை மெசேஜுக்கு ஒரு பாட்

சர்வர்ல பேக்கப் முடிஞ்சதும் போனுக்கு ஒரே ஒரு மெசேஜ் வரணும். தேவை அவ்வளவுதான். இதுக்குப் போய் லைப்ரரி, ஃப்ரேம்வொர்க்னு இறக்குறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வருது.

டெலிகிராம்ல பாட்னா ஆளுக்குப் பதிலா புரோகிராம் இயக்குற கணக்கு. அதை உருவாக்கித் தர்ற டெலிகிராமோட சொந்த பாட்தான் பாட்ஃபாதர். அதுகிட்ட பேர் சொல்லி ஒரு பாட் கேட்டா, கையில டோக்கன் (அந்த பாட்டோட ரகசியச் சாவி) தந்துடும். பேக்கப் ஸ்கிரிப்டோட கடைசியில ஒரே வரி கர்ல் (இணைய முகவரியைக் கூப்பிடுற கமாண்ட்): டோக்கன், சென்ட்மெசேஜ்ங்கிற கட்டளை, சாட் ஐடி (எந்த சாட்டுக்குப் போகணும்ங்கிற நம்பர்), சொல்ல வேண்டிய சேதி. பாட் ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கணும்னு அவசியமே இல்ல.

நிறைய பேர் முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பாட் தானா முதல்ல வாயைத் திறக்காது. நாமதான் உள்ள போய் ஸ்டார்ட் அமுக்கணும். அப்புறம் அதே கர்ல்ல கெட்அப்டேட்ஸ் (பாட்டுக்கு வந்த மெசேஜைக் கேக்குற கட்டளை) கூப்பிட்டா, ஜேசான் வடிவத்துல வர்ற பதில்ல சாட் ஐடி கிடைக்கும். குரூப்னா அந்த நம்பருக்கு முன்னாடி மைனஸ் இருக்கும், அதையும் சேர்த்தே காப்பி பண்ணுங்க. (எரிச்சலா இருந்தாலும் நல்ல ஏற்பாடுதான். இல்லன்னா லோன் வேணுமான்னு ஊர்ல உள்ள பாட் எல்லாம் வந்து நிக்கும்.)

ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்துதான் உச்சவரம்பு. முழு லாக்கையும் (பேக்கப் ஓடின பதிவு) கொட்டாம கடைசிப் பத்து வரி அனுப்பினா போதும். ஸ்கிரிப்டோட சேர்த்து டோக்கனை கிட்ஹப்ல (கோட் பகிர்ற தளம்) ஏத்திடாதீங்க சாமி. ஏத்தியாச்சுன்னா பாட்ஃபாதர்கிட்டயே பழசை ரிவோக் (ரத்து) பண்ணிட்டுப் புதுசு வாங்கிக்கலாம்.