மெசேஜ் யார் போனுக்குப் போகுது?

"சிஸ்டர், செக்கப்புக்கு வரச் சொல்லி எனக்கு மெசேஜ் வந்திருக்கு. நான் இப்ப என்ன பண்ணணும்?"

திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து போன். பின்னால் தையல் மெஷின் சத்தம். பையன் விளையாடவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். பொண்டாட்டி வளைகாப்பு முடிந்து சேலம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பதிவு பண்ணும்போது கொடுத்தது இவன் நம்பர். ஆக, கர்ப்பிணி ஒரு ஊரில், மெசேஜ் இன்னொரு ஊரில், செக்கப் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றாவது ஊரில்.

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். கல்வராயன் மலை அடிவாரத்துத் துணை சுகாதார நிலையம் என்னுடையது. "செல்போன்ல மெசேஜ் அனுப்பியே தாய் சேய் உயிரைக் காப்பாத்தலாமாமே" என்று யாராவது கேட்டால், காப்பாற்றலாம்தான், போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள் என்பேன்.

கர்ப்பத்தைப் பதிவு பண்ணுகிற அரசு இணையதளம் பிக்மி. அதில் பதிவு பண்ணினால் தாய்க்கு 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பணத்துக்கு அது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். அதனால் பதிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். "நம்பர் சொல்லும்மா" என்றால்தான் அந்தப் பெண் மாமியார் முகத்தைப் பார்க்கும். மாமியார் மகன் நம்பரைச் சொல்வார். சில வீட்டில் பெண்ணிடம் போன் இருக்கும், ரீசார்ஜ் இருக்காது. மலைமேல் உள்ளவர்களுக்கு டவர் கிடையாது. கச்சிராயப்பாளையத்துக்குச் சாமான் வாங்க இறங்கும்போது எல்லா மெசேஜும் ஒரே மூச்சில் வந்து விழும். "நாளைக்கு ஊசி" என்று போன வாரம் அனுப்பியதும் அதில் இருக்கும். பேங்க்கில் பணம் ஏறிய மெசேஜ் மட்டும் யார் போனுக்கு வந்தாலும் அரை மணி நேரத்தில் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்!

மற்ற நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள், பிறகு நானும் தேடிப் படித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவு. 2009-10-ல் அங்கே நடந்த 'ஒயர்டு மதர்ஸ்' ஆய்வில் கர்ப்பிணிகளுக்கு மெசேஜோடு, மருத்துவமனைக்குத் திருப்பிப் பேச போன் கார்டும் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் கையில் பிரசவம் ஆனது மெசேஜ் வாங்கியவர்களில் 60 சதவீதம், வாங்காதவர்களில் 47. ஆனால் அந்தப் பலன் நகரத்துப் பெண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. படித்ததும் எனக்கு எங்கள் மலைதான் ஞாபகம் வந்தது. ருவாண்டாவில் தாய்க்கு அனுப்பாமல், ஊர் சுகாதாரப் பணியாளரே ஆபத்து அறிகுறியை மெசேஜ் போட்டு மேலே தெரிவிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு 'கில்காரி' 2016-ல் வந்தது. நாலாம் மாசத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை வாரம் ஒரு குரல் அழைப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் என் சொந்த போனிலிருந்து ஆரம்பித்தேன். நோட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மூன்று நம்பர்: அவளுடையது, அம்மா வீட்டுடையது, பக்கத்தில் போன் எடுக்கிற ஒரு ஆள். பெரும்பாலும் அந்த ஆள் தையல்கார அக்காவாகவோ மளிகைக் கடைக்காரராகவோ இருப்பார். மெசேஜை என் பேச்சு வழக்கிலேயே எழுதுகிறேன். "முகம் வீங்கியிருக்கா? கண்ணு மங்குதா? தலை விடாம வலிக்குதா? ஒண்ணு இருந்தாலும் 1 போடு, இல்லேன்னா 2 போடு. நர்ஸம்மா." தமிழில் டைப் பண்ணத் தெரியாதவள்கூட ஒரு எண்ணை அழுத்திவிடுவாள்.

போன மழைக்காலத்தில் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு 1 வந்தது. எட்டு மாசம், தலைப்பிரசவம். உடனே கூப்பிட்டேன், மாமியார் எடுத்தார். "நீர் கோத்திருக்கும்மா, தானா வத்திடும்." போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "அக்கா, லைட்டைப் பார்த்தா ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். 108-க்குச் சொல்லிவிட்டு நானும் வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 160/110, யூரினில் புரதம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். குழந்தை 1.8 கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறி, இப்போது என்னைப் பார்த்தால் ஊசிக்காரி என்று அழுகிறது.

குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு அனுப்பிப் பிரயோஜனம் குறைவு. அந்த நேரத்தில் வீட்டை ஆள்வது பாட்டி. சீம்பால் கொடுக்கணும், சர்க்கரைத் தண்ணி நாக்கில் வைக்கக் கூடாது, பிறந்தவுடனே குளிப்பாட்டக் கூடாது, தொப்புளில் எதையும் பூசக் கூடாது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புகிறேன். ஒரு பாட்டி முழுசாகக் கேட்டுவிட்டு, "இவ எத்தனை பெத்தவ?" என்று கேட்டாராம். ரெண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்காது. வயிற்றிலேயே குழந்தை தவறிப்போன ஒரு பெண்ணுக்கு, "உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள்" என்று மெசேஜ் போயிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2014-ல் தொடங்கிய 'மாம்கனெக்ட்' திட்டத்தில், குழந்தையை இழந்ததைத் தெரிவித்தால் மெசேஜை நிறுத்தவோ ஆறுதல் மெசேஜுக்கு மாறவோ வழி வைத்திருக்கிறார்கள். அதுக்கப்புறம் என் ஏரியாவில் இப்படி ஏதாவது நடந்தால் மற்ற பதிவெல்லாம் அப்புறம்தான், முதலில் அதைத்தான் ஏற்றச் சொல்வேன்.

திருப்பூர் பையனிடம் அன்றைக்கு மாமியார் வீட்டு நம்பரை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்து நர்ஸுக்கும் சொல்லிவிட்டேன். கூடவே, "உன் போனுக்குப் போடும்போது அவ போனுக்கும் ரீசார்ஜ் போடு" என்றேன்.

"அவ யார்கிட்ட சிஸ்டர் பேசப் போறா?"

"என்கிட்ட."

சாயங்காலம் போட்டுவிட்டான். 28 நாள் பேக்.